தரையைத் தொடாமல்

மச்சான்,

போன வியாழக்கிழமை மாலை நீங்கள் வீட்டுப் போனுக்கு அடித்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். மணி ஒன்பது முறை அடித்து நின்றது. எண்ணினேன். எதையும் எண்ணாமல் இருக்கத் தெரியாதவன் நான் என்று உங்களுக்குத் தெரியும். நானும் எடுக்கவில்லை, உங்கள் தங்கையும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கைபேசியில் பிடித்து, வீடு பெரிதானதும் அண்ணன் சின்னவனாகிவிட்டேனோ என்று கேட்டீர்கள். பாதி கேலி, பாதி வருத்தம். எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் எனக்குப் பேச வராது. ஒரு கேள்விக்குப் பதில் தேடி எடுப்பதற்குள் அடுத்த கேள்வி வந்து நிற்கும். காகிதத்தில் என்றால் ஒன்றன் பின் ஒன்றாக வைக்கலாம்.

முதலில் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். அவளுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. உடம்பிலும் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஆறு வருஷமாக வீட்டுக்குள் யார் கையையும் பிடிக்காமல் நடந்தவள், இப்போது யாராவது கை கொடுத்தால்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறாள். அப்படி ஆக்கியது நாங்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அதனால்தான் யாரையும் திட்டவும் முடியவில்லை.

அவளுக்குக் கண் போன புதிதில் நீங்கள் வந்து பதினைந்து நாள் இருந்தீர்கள். அவள் சுவரைத் தடவிக்கொண்டு நகர்ந்ததைப் பார்த்துவிட்டுப் போனீர்கள். அதன் பிறகு இரண்டு மாதம் நான்தான் கையைப் பிடித்து அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். அடுப்படிக்கு, குளியலறைக்கு, வாசலுக்கு. ஒரு நாள் காலையில் கூடத்தில் வைத்து, "கையை விடுங்க" என்றாள். விட்டேன். தள்ளிப் போகச் சொன்னாள். தள்ளி நின்றேன். "மூச்சு விடற சத்தம் கேக்குது. இன்னும் தள்ளிப் போங்க" என்றாள். தெருவாசல் வரைக்கும் போய் நின்றுகொண்டேன். கால் மணி நேரம் கழித்து டீயோடு வந்தாள். பாதி தட்டில் இருந்தது. சர்க்கரைக்குப் பதில் உப்பு. முழுக்கக் குடித்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டவளிடம் பிரமாதம் என்று சொன்னேன்.

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும். என்னைப் பாத்துமா உங்களுக்குப் புத்தி வரலை?" என்றாள்.

அன்றிலிருந்து அவள் நடந்தாள். சமைத்தாள், துணி மடித்தாள், என் சட்டையில் பொத்தான் போனால் தைத்தாள். ஒரு தடவை மின்சாரம் போனபோது எதிர்வீட்டுக்காரர் வந்து அவளிடம்தான் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போனார்; இருட்டில் இரண்டு வீட்டு ஆட்களிலும் அவளுக்குத்தான் இழுப்பறையிலிருந்து அதைத் தேடாமல் எடுக்கத் தெரிந்தது. நீங்கள் போன் செய்தால் மூன்றாவது மணிக்குள் எடுத்துவிடுவாள். அடுப்படியில் இருந்தாலும் சரி, கட்டிலில் இருந்தாலும் சரி, மூன்றாவது மணி. அடிகளை எண்ணி வைத்து நடக்கிறாள் என்று உங்களிடம் அப்போது எழுதியிருந்தேன். அது என் ஊகம். நானாக இருந்தால் எண்ணியிருப்பேன், அதனால் அவளும் எண்ணுகிறாள் என்று நினைத்தேன். அவளைக் கேட்கவே இல்லை.

இப்போது வீட்டு வேலைக்கு வருகிறேன்.

பையனுக்கு இங்கே மாற்றல் கிடைத்தது. அம்மாவுக்குத் துணையாக இருக்கிறோம், தனி வீடு வேண்டாம் என்று மருமகள்தான் முதலில் சொன்னாள். நல்ல மனசு. இரண்டு அறை வீட்டில் நாலு பேர் எப்படி இருப்பது? பின்பக்கம் ஓர் அறை கட்டலாம், வெளியே இருக்கிற குளியலறையை உள்ளே கொண்டுவரலாம், ஆள் திரும்ப இடமில்லாத அடுப்படியைச் சுவரை எடுத்துவிட்டு அகலமாக்கலாம் என்று பேச்சு வளர்ந்தது. கை வைத்ததுதான் வைக்கிறோம், பழைய தரையையும் பெயர்த்துவிட்டு முழுக்க டைல்ஸ் போட்டுவிடலாம் என்றான் பையன். நிலைப்படிகள் எதற்கு, அம்மா தடுக்கி விழுந்தால்? எடுத்துவிடலாம். எல்லாம் அம்மாவுக்காக.

மேஸ்திரி ஒருவர் வந்தார். அவர் பெயரை இந்த வட்டாரத்தில் யாரும் சொல்வதில்லை, ரசமட்டம் என்பார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி நடுவில் வந்து நிற்குமே, தரை சமமா என்று பார்க்கிற அந்தக் கருவி, அது எப்போதும் அவர் பின்பாக்கெட்டில் இருக்கும். எங்கள் வீட்டுக்குள் வந்தவுடனேயே அதைக் கூடத்தில் வைத்துப் பார்த்தார். குமிழி ஓர் ஓரமாக ஓடிப் போனது. ஏதோ துக்கவீட்டுக்கு வந்தவர் போல அவர் முகம் மாறிவிட்டது. இத்தனை வருஷம் இந்தத் தரையில் எப்படி சார் நடந்தீங்க என்று கேட்டார்.

சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து நாங்கள் மூவரும் மேஸ்திரியோடு உட்கார்ந்தோம். அவள் சுவருக்கு அந்தப் பக்கம் டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். பத்து வரை ஆகியிருந்தது. டீயைக் கொண்டுவந்து அவரவர் குரல் வந்த இடம் பார்த்துச் சரியாக வைத்தாள், மேஸ்திரிக்கும். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"தரையைத் தொடாம செய்ய முடியாதா?" என்றாள்.

பையன் சிரித்தான். உங்களுக்காகத்தாம்மா தரையே என்றான். மேஸ்திரி, தூசிக்குப் பயப்படுறீங்களா அக்கா, தார்ப்பாய் கட்டி மறைச்சிடுவோம், ஒரு பொட்டு வராது என்றார். நான் நோட்டில் எழுதினேன்: "11. தூசி. அவளுக்குப் பயம். தார்ப்பாய் கட்டச் சொல்ல வேண்டும்." எழுதி அடிக்கோடும் போட்டேன். நாங்கள் குடித்து முடிக்கும்வரை அவள் நின்றாள். பிறகு காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மச்சான், உங்கள் வீட்டு ஆட்கள் எதையும் ஒரு தடவைதான் கேட்பீர்கள். கிடைக்காவிட்டால் மறு தடவை கேட்பதில்லை. கேட்டதை மறந்துபோனவர்கள் மாதிரி நடந்துகொள்வீர்கள். கல்யாணம் ஆன புதிதில் இதை நான் பெருந்தன்மை என்று நினைத்தேன். என் பழக்கம் வேறு. ஒரு விஷயத்தை எழுதிவிட்டால் அது முடிந்துவிட்டதாக எனக்கு ஒரு நிம்மதி. ஒரு தடவை கேட்கிறவளும், எழுதிவிட்டால் போதும் என்கிறவனும் சேர்ந்து குடும்பம் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பதினொன்றாம் எண்தான் சாட்சி.

வேலை ஐந்து மாதம் நடந்தது. கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், துணிமூட்டை எல்லாம் முன்னறைக்கு வந்துவிட்டன. அடுப்பைப் பற்றவைத்தால் கட்டிலில் படுத்திருப்பவருக்கு வேர்க்கும். குளிப்பதற்கு எதிர்வீட்டுக்குப் போனோம். தார்ப்பாய் கட்டினார்கள், தூசி அதைச் சுற்றி வந்தது. சுவர் இடிக்கிற சத்தம், கல் அறுக்கிற சத்தம். சத்தம் இருக்கும்வரை அவளுக்குத் திசை தெரியாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. காதைப் பொத்திக்கொள்கிறாள், சத்தம் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். பஞ்சு வாங்கிக் கொடுத்தேன். பாருங்கள், இருந்த ஒன்றையும் அடைத்துவிட்டேன்.

மேஸ்திரிக்கு அவள் மேல் மரியாதை. வேலை முடிந்ததும் பாருங்க அக்கா, கூடத்துல எங்க வேணா ஒரு கோலிக்குண்டை விடுங்க, விட்ட இடத்துல நிக்கும் என்று தினமும் சொல்வார். ஒரு நாள் அவள் சொன்னாள்: "கோலிக்குண்டு நிக்கட்டும் தம்பி. நான் நடக்கணுமே."

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். 

பழைய தரையைப் பெயர்த்த அன்று அடுப்படி நிலைப்படியில் கடப்பாரையை வைக்கப் போனபோது, கொஞ்சம் இருங்க தம்பி என்று போய், அந்தப் படியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு தடவை தாண்டினாள். பிறகு, சரி என்று விலகிக்கொண்டாள். படிக்கு டாட்டா காட்டுகிறார்கள் அத்தை என்று மருமகள் சொன்னாள். நான் கூடச் சிரித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆட்கள் வராத நாள், வீடு அமைதியாக இருக்கிறதே என்று எழுந்து நடந்திருக்கிறாள். முந்தின நாள் சாயங்காலம் இறக்கி வைத்த சிமெண்ட் மூட்டைகள் வழியில் இருந்தன. முழங்கால் தட்டி, கையை ஊன்றி விழுந்துவிட்டாள். பெரிய அடியில்லை. ஆனால் சொல்லி வைத்தாற்போல நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஓடிப் போய், இனிமேல் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றோம். மருமகள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு குரல் கொடுங்க அத்தை, எங்கே இருந்தாலும் வந்துடறேன் என்றாள். வந்தும்விடுவாள். தண்ணீர் குடிக்க எழுந்தால் தண்ணீர் வரும், ஜன்னலுக்குப் போக எழுந்தால் ஜன்னல் திறந்துவிடும். "நல்ல பொண்ணு. கை மட்டும் கொஞ்சம் தூரமா இருந்தாத் தேவலை" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னாள். ஒரே ஒரு தடவை.

வேலை முடிந்தது. நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. அடுப்படிச் சுவர் போய் கூடமும் அடுப்படியும் ஒன்றாகிவிட்டன. வெளிச்சம் வருகிறது என்கிறார்கள் வருகிறவர்கள் எல்லாரும். தரை பால் மாதிரி, ஒரே நிறம், ஒரே மட்டம். முன்னறையிலிருந்து பின்பக்கத்துக் கடைசி அறை வரை ஒரு தடை இல்லை. முன்னறை ஜன்னலுக்குக் கீழே மட்டும் ஆறு டைல்ஸ் குறைந்துபோய், அந்த அளவுக்குப் பெயர்க்காமல் விட்ட பழைய சிமெண்ட் தரை தெரியும். அதே சாயலில் வந்ததும் போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார் மேஸ்திரி. அந்த ஆறு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அவளை உள்ளே நடத்திக் காட்டுகிற நாள். நாங்கள் மூவரும் மேஸ்திரியும் ஓர் ஓரமாக நின்றோம். பையன் கைபேசியில் படம் எடுக்கத் தயாராக இருந்தான். அவள் செருப்பைக் கழற்றினாள். முன்னறையிலிருந்து கூடத்துக்குள் இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடியை வைக்கும்போது காலைத் தரையில் தேய்த்துப் பார்த்தாள். வலது பக்கம் தேய்த்தாள், இடது பக்கம் தேய்த்தாள். இன்னும் நாலு அடி போனாள். அங்கே நின்றுவிட்டாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். சுவர் இருந்த இடத்தில் இப்போது சுவர் இல்லை. மேஸ்திரி மெல்லக் குனிந்து ஒரு கோலிக்குண்டைத் தரையில் விட்டார். அது நின்றது.

"நல்லா இருக்கு" என்றாள் அவள். அப்புறம் கையை நீட்டினபடியே, "யாராவது என்னைக் கொண்டு போய் உட்கார வைங்க" என்றாள்.

மருமகள் கொண்டுபோய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தாள். அன்றிலிருந்து அதுதான் அவள் இடம்.

புதுசு, பழகிவிடும் என்று முதல் வாரம் நினைத்தோம். இரண்டாவது வாரம் நான் என் வழிக்கு வந்தேன். டேப்பைப் பிடித்து அளந்து, அவள் காலடிக் கணக்குக்கு மாற்றி, கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினாலு அடி, நாற்காலியிலிருந்து போனுக்குப் பதினெட்டு அடி என்று பட்டியல் போட்டு அவளுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். சொன்னபடி நடந்தும் பார்த்தாள். ஆனால் மச்சான், பதினாலு அடியில் முதல் அடியை ஒரு சாண் கோணலாக வைத்தால் பதினாலாவது அடியில் ஆள் பிரிட்ஜுக்கு முன்னால் நிற்கிறார். தப்பு எந்த அடியில் நடந்தது என்று சொல்ல அந்தத் தரையில் ஒன்றுமே இல்லை. குளியலறைக்குப் போக எழுந்து மூன்று தடவை பிரிட்ஜைத் திறந்தாள். மூன்றாவது தடவை அவளே சிரித்துவிட்டு, குளிக்கறதுக்குப் பதிலா குளிர்ந்துட்டு வந்துட்டேன் என்றாள். அதுதான் அவள் கடைசியாகச் சிரித்தது.

அதன் பிறகு ஒரு புதன்கிழமை. நான் மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். மருமகள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் நாற்காலியில் ஆள் இல்லை. புதுக் குளியலறை கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே இருந்து, "இருக்கேன்" என்று குரல் வந்தது. திறந்தால் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். நாலு சுவரும் தரையிலிருந்து மேல்வரை ஒரே டைல்ஸ், கதவும் சுவரோடு சுவராக வழவழப்பு, தாழ்ப்பாள்கூடச் சுவருக்குள் அமுங்கியது. கதவைத் தேடி எத்தனை சுற்று சுற்றினாளோ. நான் வெளியே போய் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

"ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமே?" என்றேன்.

"எந்தப் பக்கம் பாத்துக் கூப்பிடறது?" என்றாள்.

அன்று சாயங்காலம்தான் நான் முதல் முறையாக அவளைக் கேட்டேன், பழைய வீட்டில் எப்படி நடந்தாய் என்று. சொல்லிக்கொண்டே போனாள். நான் நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். எங்கள் அறையில் சிவப்புச் சிமெண்ட், மற்ற இடத்தைவிடக் குளிர்ச்சி. வாசலில் விரல் உயரம் நிலைப்படி. தாண்டினால் கூடம், சொரசொரப்பு. தண்ணீர் வழிந்து ஓடுவதற்காக யாரோ அந்தக் காலத்தில் கூடத்துத் தரைக்குக் குளியலறைப் பக்கம் வாட்டம் கொடுத்திருந்தார்கள். கால் தானாக இறங்கினால் அது குளியலறை வழி, கால் ஏறினால் அடுப்படி வழி. அடுப்படி நிலைப்படியில் வலது ஓரம் தேய்ந்திருக்கும், அங்கே மிதித்தால் அடுப்பு நேராக இருக்கும். ஜன்னல் காற்று இடது கன்னத்தில் பட்டால் வாசல். இதில் ஒன்றுகூட ரசமட்டத்தை வைத்தால் தேறாது. எங்கெங்கே வீடு கோணலோ அங்கெல்லாம் அவளுக்கு வழி இருந்திருக்கிறது. எண்ணிக்கை இல்லையா என்று கேட்டேன். "எண்ணிக்கிட்டே யாராவது வாழ முடியுமா?" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். அதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நீங்கள் ஒரு தடவை கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வரும்போது கைதவறிப் போட்டு, கூடத்துத் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி விழுந்ததே, நினைவிருக்கிறதா? நான்கூட நாலு நாள் உங்களை ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு அவள் மனசுக்குள் அண்ணன் குழி என்று பெயர் வைத்திருக்கிறாள். எங்கே இருந்தாலும் அண்ணன் குழிக்கு வந்துவிடுவாள். அதில் குதிகாலை வைத்து இடது பக்கம் கையை நீட்டினால் போன். மூன்றாவது மணிக்குள் அவள் உங்களுக்குப் பதில் சொன்னது உங்கள் குழியால்தான்.

பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். "3. கூடத்துக் குழியை அடைக்க வேண்டும்." என் கையெழுத்து. எட்டு எண் தள்ளி, "11. தூசி."

மறுநாள் மேஸ்திரியிடம் போனேன். நிலைப்படியைத் திரும்ப வைக்க முடியுமா, கூடத்துக்கு மறுபடி வாட்டம் கொடுக்க முடியுமா, ஒரு குழி போட முடியுமா என்று கேட்டேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று முதலில் நினைத்தார். விஷயத்தைச் சொன்னதும் பின்பாக்கெட்டிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோணலாப் போட எனக்குக் கை வராது சார். ஆனா அக்காவுக்காக வரேன்" என்றார். வந்தார். அடுப்படி தொடங்குகிற இடத்தில் விரல் உயரத்துக்கு ஒரு மரச்சட்டத்தைப் பதித்தார். தரையில் ஓரிடத்தில் டைல்ஸைக் கொத்திக் குழி போலச் செய்தார். அவளைக் கூட்டி வந்து நிறுத்தினோம். சட்டத்தை மிதித்தாள். குழியைக் குதிகாலால் தடவினாள்.

"இது அது இல்ல தம்பி" என்றாள்.

இல்லைதான். சுவரே இல்லாமல் போய்விட்டதே, படியை எங்கே வைத்தால் பழைய படியாகும்? அதற்கு ஆறு வருஷம் வேண்டும், அவள் காலும் வேண்டும். அடுத்த நாள் அந்தச் சட்டத்தில் மருமகள் இடறிச் சூடான பால் பாத்திரத்தோடு விழப் பார்த்தாள். பையன் அதைப் பெயர்த்துப் போட்டுவிட்டான். போட்டுவிட்டு என்னிடம், நாங்க எதுக்குப்பா வந்தோம் என்று கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். கோபமாகக் கேட்கவில்லை. மருமகள் உள்ளே போய் அழுதாள். உங்கள் தங்கை அதைக் கேட்டு, அந்தப் பொண்ணு அழற மாதிரி எதுவும் செய்யாதீங்க, எனக்கு இந்த நாற்காலியே போதும் என்றாள். அவளை நடக்க வைக்க முயன்றால் அவர்களுக்கு வலிக்கிறது. அவர்களை விட்டுவிட்டால் இவள் உட்கார்ந்துவிடுகிறாள். நான் நடுவில் நோட்டை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

குறைந்திருந்த ஆறு டைல்ஸ் போன செவ்வாய்க்கிழமை வந்தன. எப்போது போடலாம் என்று மேஸ்திரி கேட்டார். அப்போதுதான் கவனித்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் சரியாக அந்தப் பழைய சிமெண்டில் வைத்திருந்தாள். வீட்டில் அவளுக்குத் தெரிந்த இடம் அவ்வளவுதான், ஆறு டைல்ஸ் அளவு. வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். நோட்டில் அதற்கிருந்த வரியையும் அடித்துவிட்டேன். இந்த வேலை முழுவதிலும் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். முதல் மணி அடித்தபோது நான் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். போன் இப்போது கூடத்தின் அந்தக் கடைசியில் புதுச் சுவரில் ஒரு பலகையில் இருக்கிறது. இரண்டாவது மணிக்கு அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். மூன்றாவதுக்கு எழுந்துவிட்டாள். குளியலறை நாளுக்குப் பிறகு தானாக எழுந்தது அதுதான் முதல் தடவை. மருமகள் ஓடி வந்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன். சத்தத்தைப் பார்த்து முகத்தை வைத்துக்கொண்டு நடந்தாள், மச்சான். ஒரு மணிக்கு ஓர் அடி, சில மணிக்கு இரண்டு. சத்தம் நின்றால் அவளும் நிற்பாள், மறுபடி அடித்தால் மறுபடி நகர்வாள். பாதிக் கூடத்தைத் தாண்டிவிட்டாள். இன்னும் சில அடிதான். ஒன்பதாவது மணி அடித்தது. அடுத்தது வரவில்லை.

அவள் ஒரு காலை முன்னால் வைத்தபடி நின்றாள். இரண்டாவது தடவை அடிப்பீர்கள் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. நீங்கள் உங்கள் வீட்டு ஆள். ஒரு தடவைதான் அடிப்பீர்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் ஆயிற்று. முகம் மெல்லத் திரும்பி, எந்தப் பக்கமும் இல்லாமல் ஆனது. "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள். நான் ஆறடி தள்ளி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தேன்.

மருமகள்தான் போய்க் கையைப் பிடித்தாள்.

அதன் பிறகு நானே என் கைபேசியிலிருந்து வீட்டுப் போனுக்கு அடித்துப் பார்த்தேன். அவள் அசையவில்லை. பேச ஆள் கூப்பிட்டால் எழுந்திருப்பேன், பயிற்சிக்கு எழுந்திருக்க நான் பள்ளிக்கூடமா போகிறேன் என்றாள். பையன் ஆபீசிலிருந்து அடித்தான். மணி அடிக்கிற விதத்திலேயே ஏற்பாடு தெரிகிறது என்றாள். உங்களுடையது ஏற்பாடு இல்லை. வியாழக்கிழமை நீங்கள் எனக்குத் தெரியாமல்தான் அடித்தீர்கள்.

அதனால் கேட்கிறேன். எப்போது அடிக்கப் போகிறீர்கள் என்று என்னிடம் சொல்லாதீர்கள்; எனக்குத் தெரிந்தால் அவளுக்கும் தெரிந்துவிடும். அடித்தால் வைத்துவிடாதீர்கள். தானாகக் கட்டானால் உடனே மறுபடி போடுங்கள். ஐந்து தடவை, ஆறு தடவை. இங்கே வேறு யாரும் எடுக்கமாட்டோம், எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். முதல் சில நாள் அவள் எழுந்திருக்காமலே போகலாம். நடுவழியில் விட்டதை அவள் மறந்திருக்கமாட்டாள். எழுந்து வந்தாலும் இது அவளை எவ்வளவு தூரம் நடக்க வைக்கும் என்று எனக்குத் தெரியாது. போன் வரைக்கும் வரலாம். அடுப்படிக்கு யார் மணி அடிப்பது?

இதை எழுதும்போது அவள் ஜன்னலோரம்தான் இருக்கிறாள். பேனா சத்தம் கேட்டு, யாருக்கு என்று கேட்டாள். உன் அண்ணனுக்கு என்றேன்.

"குழியை அடைச்சுட்டோம்னு எழுதிடாதீங்க. வருத்தப்படுவாரு" என்றாள்.

சரி என்றேன். அதற்குள் எழுதியாகிவிட்டது, மச்சான்.